ஆனைமலையில் ஒரு வரவுசெலவுப் புத்தகம்

ஆனைமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மாசாணியம்மனைத் தரிசிக்க வருகிறார்கள். சிலர் டாப்சிலிப்புக்குப் போகிற வழியில் இளநீர் குடிப்பதற்காக வண்டியை நிறுத்துகிறார்கள். தேங்காய் வியாபாரிகளோ தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிக் காய் விலை பேசிப் போகிறார்கள். என் பிரயாணத்தின் நோக்கம் இம்மூன்றிலும் சேராது. என் பெரியப்பா மகளை மணந்து அவ்வூரை அடுத்த தென்னந்தோப்பில் குடியிருக்கும் மாப்பிள்ளை ஒருவர், பல வருஷங்களாகத் தாம் ஆடிவரும் சீட்டாட்டத்தின் ஜயாபஜயங்களை ஆட்டம் தவறாமல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார் என்று உறவினர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் காதில் விழ, அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையினாலேயே மார்கழிக் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து புறப்பட்டேன். சீட்டாடுகிறவர்கள் பலரை நான் அறிவேன்; கணக்கு எழுதுகிற சீட்டாட்டக்காரரை அதுவரை கண்டதில்லை. ஜெயித்த இரவை ஊரறியச் சொல்வதும், தோற்ற இரவைப் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாமல் விழுங்கிவிடுவதும்தான் அந்தக் கூட்டத்தாரின் பொதுத் தர்மம்.

உக்கடத்தில் பஸ் ஏறினால் கிணத்துக்கடவு வழியாகப் பொள்ளாச்சி ஏறக்குறைய 40 கிலோமீட்டர். சாலை அகலமானதிலிருந்து பிரயாணம் சீக்கிரம் முடிகிறது. நிழல் மரங்களும் முடிந்துபோயின. அந்தப் பருவத்தில் கீழ்த்திசைக் காற்று பாலக்காட்டுக் கணவாயைப் பார்த்து ஓயாமல் ஓடிக்கொண்டிருக்க, சாலையின் இரு மருங்கிலும் தென்னை மட்டைகள் எல்லாம் மேற்கு நோக்கியே சாய்ந்திருந்தன. வெள்ளை ஈயும் வேர் வாடலும் புகுந்த தோப்புகளைக் கறுத்த ஓலைகளைக் கொண்டே தூரத்திலிருந்து அடையாளம் கண்டுகொள்ளலாம். பொள்ளாச்சியில் மாப்பிள்ளை எனக்காகக் காத்திருந்தார். அன்று வியாழக்கிழமை, மாட்டுச் சந்தை கூடியிருந்தது. வீட்டுக்குப் போவதற்கு முன்னால் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகலாம் என்றார். வாலிபப் பிராயத்தில் அவரே மாடு வாங்கி விற்றவர் என்பதால், புராதன ஸ்தலத்தைக் காட்டுகிற அர்ச்சகரைப் போன்ற உரிமையுடன் என்னைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்றார்.

அங்கே நான் கண்ட காட்சியைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வரப்போகிற விஷயத்துக்கு அது அவசியமாகிறது. கேரளத்திலிருந்து வந்த வியாபாரி ஒருவரும் உள்ளூர்த் தரகர் ஒருவரும் ஒரு ஜோடிக் காளைகளுக்குப் பக்கத்தில், பழைய சிநேகிதர்களைப் போலக் கைகோத்து நின்றார்கள். கோத்த கைகளின் மேல் ஒரு துண்டு கிடந்தது. இருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், மற்றவர் தம் வெற்றிலைச் சாற்றைத் துப்ப இடம் தேடிக்கொண்டிருந்தார். துண்டுக்கு அடியில் மட்டும் விரல்கள் அசைந்தன. இன்ன விரலைப் பிடித்தால் இத்தனை, சேர்த்துப் பிடித்தால் இத்தனை என்று விலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சுற்றி நின்ற கூட்டத்தில் ஒருவருக்கும் அது தெரியாது.

“மூஞ்சியப் பாத்தா ஒண்ணுந் தெரியாதுங்க மச்சான், துண்டப் பாருங்க” என்றார் மாப்பிள்ளை. துண்டு இரண்டு முறை இறுகித் தளர்ந்தது. வியாபாரி கையை உருவிக்கொண்டு நகர்ந்தார். “படியலீங்க. இன்னும் ரெண்டு மூணு ஆளுக பாத்துட்டு மறுக்கா வருவாரு” என்று அவர் சொன்ன சில நிமிஷங்களில் அந்த மனிதர் அப்படியே திரும்பி வந்தார். இந்த வித்தையைக் கற்றவர் சீட்டாட்டத்தில் தோற்பானேன் என்று எனக்குத் தோன்றியது. அதற்குப் பதில் அவருடைய புத்தகத்தின் பின்பக்கங்களில் இருந்தது.

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை பதினைந்து கிலோமீட்டருக்குள் அடங்கும். ஆழியாற்றுத் தண்ணீர் பாய்கிற பூமி. நெல் வயலும் தென்னையும் மாறி மாறி வர, தெற்கே மலைத்தொடர் ஒரே சுவராக எழுந்து நிற்கிறது. வீட்டில் தங்கை வாசலிலேயே நின்று, “வாங்ணா, இந்த ஊருக்கு வழி தெரிஞ்சுதுங்ளா?” என்று வரவேற்றாள். நான் வந்த காரியத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டு, “சாமி படத்துக்குப் பின்னால வெச்சிருக்காரு, பூஜை போட்டுத்தான் எடுப்பாரு” என்று சொல்லிக்கொண்டே அடுக்களைக்குள் போனாள்.

புத்தகம் நீளவாட்டத்தில் தைத்த கடைக் கணக்கு நோட்டு. இடப்பக்கம் தேதி, நடுவில் ஆட்டம், வலப்பக்கம் வரவு அல்லது பற்று. ஆட்டம் என்பது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில், இரண்டு மைல் தள்ளியுள்ள ஒரு சிநேகிதரின் தோப்பில், மோட்டார் அறையில் ஆறு பேர் கூடி ஆடும் நூற்றொன்று ரம்மி. ஆளுக்கு 200 ரூபாய் வைப்பார்கள். ஒவ்வொரு கையிலும் தோற்றவர்களின் கையிலுள்ள சீட்டுகளை எண்ணிப் புள்ளி ஏற்றிக்கொண்டே போவார்கள். நூற்றொன்றைத் தொட்டவர் எழுந்துவிட வேண்டும். கடைசிவரை உட்கார்ந்திருப்பவர் பணத்தை எடுத்துக்கொள்வார். சேரும் 1,200 ரூபாயில் 60 ரூபாய் சீட்டுக்கட்டு, டீ, கொசுவர்த்தி, கரண்டு ஆகியவற்றுக்கென்று ஒரு டப்பாவில் போய்விடும். ஜெயித்தவர் கைக்கு 1,140. ஒரு ஞாயிறுக்கு ஐந்து ஆட்டம் என்பது வழக்கம்.

முந்தைய வருஷத்தின் கடைசிப் பக்கத்தில் அவர் கூட்டிக் கோடிட்டிருந்த கணக்கு இது: 50 ஞாயிறு, 250 ஆட்டம், வைத்தது 50,000 ரூபாய், ஜெயித்தது 46 ஆட்டம், வந்தது 52,440 ரூபாய், நிகர லாபம் 2,440. இந்தத் தொகையைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் பிள்ளையார் சுழி ஒன்றும் போட்டிருந்தார். அவருடைய முகத்தில் அப்போது படர்ந்த சந்தோஷத்தைப் பார்த்த எவரும், வருஷம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து அத்தொகையைச் சம்பாதித்திருக்கிறாரே என்று பரிதாபப்படத் துணியமாட்டார்கள்.

ஆனால் நான் கணக்கு வாத்தியாருக்கு மகனாகப் பிறந்தவன். ஆறு பேரும் சமமான சாமர்த்தியசாலிகள் என்று வைத்துக்கொண்டால் 250 ஆட்டத்தில் ஒருவருக்கு ஏறக்குறைய 42 கிடைக்க வேண்டும். அந்த 42 போதாது. 42 ஆட்டம் ஜெயிக்கிறவர் வருஷ முடிவில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் தோற்றிருப்பார். டப்பாவுக்குள் போகும் அறுபது அறுபது ரூபாய் செய்கிற வேலை அது. கைமுதலாவது திரும்ப வேண்டுமானால் 44 ஜெயிக்க வேண்டும். வேறு விதமாகச் சொன்னால், 114 ஆட்டத்தில் அவருடைய நியாயமான பங்கு 19. ஆனால் 20 ஜெயித்தால்தான் அவர் புறப்பட்ட இடத்தில் நிற்பார். அறுவரும் வருஷம் பூராவும் சமமாக ஆடினாலும் ஆளுக்கு 2,500 ரூபாய் வீதம் 15,000 ரூபாய் டப்பாவுக்குப் போகிறது. மாப்பிள்ளை அந்தச் சுமையையும் தாண்டி இரண்டு ஆட்டம் கூடுதலாக ஜெயித்திருக்கிறார். அது சாமர்த்தியமா, அதிருஷ்டமா? சத்தியமாக அந்த ஒரு வருஷத்தைக் கொண்டு சொல்ல முடியாது. சோழியை உருட்டி ஆட்டத்தைத் தீர்மானித்திருந்தால்கூட 250க்கு 46 என்பது ஒருவருக்குச் சாதாரணமாக விழக்கூடிய எண்ணிக்கைதான். இதை நான் அவரிடம் நயமாகத்தான் சொன்னேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, “அப்படீன்னா போன வருசத்துக்கு முந்தின வருசத்தையும் பாக்கோணுமுங்க” என்று பக்கங்களைத் திருப்பினார். அந்த வருஷம் 43. அதற்கு முந்திய வருஷம் 47. இதற்கு மேல் நான் வாதாடவில்லை. மூன்று வருஷமும் பங்குக்கு மேலேயே நிற்கிறவரிடம் ஏதோ கொஞ்சம் கைவண்ணம் இருக்கத்தான் வேண்டும்.

ஆட்டம் நடத்துகிற இடத்துக்குப் பங்கு எடுப்பது நம் நாட்டில் நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. கௌடில்யருடைய அர்த்தசாஸ்திரத்தில் சூதாட்டத்துக்கென்றே ஓர் அத்தியட்சர் உண்டு; எல்லோரும் அவர் ஏற்படுத்தும் இடத்தில்தான் ஆட வேண்டும்; ஜெயித்தவனுடைய பணத்தில் நூற்றுக்கு ஐந்து அவர் எடுத்துக்கொள்வார்; காய்களுக்கும் தண்ணீருக்கும் இடத்துக்கும் தனியாக வாடகை. மோட்டார் அறை டப்பாவின் விகிதமும் நூற்றுக்கு ஐந்துதான். பட்டணத்து மன்றங்கள் சிலவற்றில் நூற்றுக்குப் பத்து எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அங்கே 54 ஆட்டத்தில் 9 என்கிற நியாயமான பங்கு போதாது, 10 வேண்டும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் மௌரியர் காலத்து அத்தியட்சர் தயாளகுணம் உள்ளவர் என்றே சொல்லத் தோன்றுகிறது.

சட்டத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லாமல் போனால் தோப்புகளில் ஆடுகிறவர்களின் மனநிலை விளங்காது. தோட்டத்தில் பணம் வைத்துச் சீட்டாடியவர்கள் கைது என்கிற நாலு வரிச் செய்தி கொங்கு நாட்டுப் பத்திரிகைப் பதிப்புகளில் அடிக்கடி வரும். அதைப் படித்துவிட்டுத்தான் இவர்களும் ஆடப் போகிறார்கள். சென்னை மாகாணத்தில் 1930ஆம் வருஷம் செய்த சூதாட்டச் சட்டம் சாமர்த்திய விளையாட்டுகளுக்கு விலக்கு அளித்திருந்தது. ரம்மி எந்தப் பக்கம் சேரும் என்ற கேள்வி, செகந்திராபாத்தில் இருந்த ஒரு பொழுதுபோக்கு மன்றத்தின் வழக்காக உச்ச நீதிமன்றம்வரை போய், 1967 நவம்பரில் தீர்ப்பாயிற்று. மூன்று சீட்டைப் போல ரம்மி வெறும் அதிருஷ்டத்தின் ஆட்டமன்று. விழுந்த சீட்டுகளை ஞாபகத்தில் வைப்பதற்கும், எதைப் பிடிப்பது எதைப் போடுவது என்று தீர்மானிப்பதற்கும் திறமை வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். அதே மூச்சில், ஆட்டத்திலிருந்து இடத்துக்காரர் லாபம் எடுத்தால் சங்கதி வேறு என்றும் சொன்னார்கள். டப்பாப் பணம் டீக்கும் கொசுவர்த்திக்கும் மேலே போகாதவாறு மோட்டார் அறைச் சிநேகிதர் பார்த்துக்கொள்வதன் ரகசியம் இதுதான் என்று மாப்பிள்ளை சொன்னார். பதினையாயிரத்துக்கு டீயும் கொசுவர்த்தியுமா என்று நான் கேட்கவில்லை. விருந்தாளிக்கு அது அழகன்று.

மூன்று சீட்டைப் பற்றி நீதிமன்றம் சொன்னதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 52 சீட்டில் மூன்று மூன்றாக எடுத்தால் 22,100 விதங்கள் வரும். மூன்றும் ஒரே மதிப்பாக அமைவது அவற்றில் 52 விதம், அதாவது 425க்கு ஒன்று. சீட்டு விழுவது அதிருஷ்டம் என்பதில் ஆட்சேபமில்லை. ஆனால் கையில் ஒன்றுமில்லாதவன் பணத்தைத் தூக்கி நடுவில் வைத்து, நல்ல சீட்டுக்காரனைக் கவிழ்க்கச் செய்கிறானே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? இந்தக் கேள்வியை நம் மாநிலம் சமீப காலத்தில் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. கைபேசியில் பணம் வைத்து ஆடுவதைத் தடுக்க 2021இல் கொண்டுவந்த திருத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்தது; 2023இல் மறுபடி சட்டம் வந்தது; அந்த நவம்பரில் நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தி, ரம்மி, போக்கர் இரண்டையும் அதிருஷ்ட விளையாட்டுகள் என்று சேர்த்த பகுதியை மட்டும் நீக்கியது; 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமோ திறமை, அதிருஷ்டம் என்ற பேதமே பாராமல் கைபேசியில் பணம் கட்டி ஆடுவது முழுவதையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. மாப்பிள்ளை முன்பொரு சமயம் மகன் தூண்டுதலால் கைபேசி ரம்மியை ஆடிப் பார்த்து, உடனே விட்டுவிட்டாராம். “சீட்டக் கலைக்கிற கை தெரியோணுமுங்க மச்சான். அதுல யாரு கலைக்கிறா, எங்க உக்காந்து கலைக்கிறா, ஒண்ணுந் தெரியலீங்க” என்பதே அவர் சொன்ன காரணம். சட்டசபையில் பேசியிருந்தாலும் இதைவிடத் தெளிவாகப் பேசியிருக்க முடியாது.

வெள்ளிக்கிழமை மாசாணியம்மன் கோயிலுக்குப் போனோம். பதினைந்து அடி நீளத்துக்கு அம்மன் படுத்திருக்கிற கோலம் வேறெங்கும் எளிதில் காணக் கிடைப்பதன்று. சங்க காலத்து நன்னன், தன் காவல் மரத்து மாங்காய் ஆற்றில் மிதந்து வந்ததை எடுத்துத் தின்ற பெண்ணைக் கொன்றான் என்பதும், அவளுக்கு ஈடாக 81 யானைகளும் அவள் எடைக்குப் பொன்னாற் செய்த பாவையும் தருவதாகச் சொல்லியும் அவன் ஒப்பவில்லை என்பதும் குறுந்தொகையிலேயே பரணர் சொல்லியிருக்கும் செய்தி. அந்தப் பெண்ணே இந்த அம்மன் என்பது இவ்வூராரின் நம்பிக்கை. அநியாயமாக மாண்டவளிடம் நியாயம் கேட்பது பொருத்தந்தானே! களவு கொடுத்தவர்களும் கடன் கொடுத்து ஏமாந்தவர்களும் இங்கே வந்து, உப்பாற்றங்கரைக் கோயிலின் ஆட்டுக்கல்லில் மிளகாய் வற்றலைத் தாங்களே அரைத்து, நீதிக்கல்லில் பூசிவிட்டுப் போகிறார்கள். நான் நின்ற நேரத்தில் ஐம்பது வயதிருக்கக்கூடிய ஒரு அம்மாள் குழவியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைத்த விழுது சிவந்து நுரைத்து ஏற ஏற, காரம் அவர் கண்ணைத் தாக்கிற்று; முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஆனால் அரைப்பதை நிறுத்தவில்லை. பிறகு இரு கையாலும் வழித்து எடுத்துக்கொண்டுபோய்க் கல்லின் உச்சியிலிருந்து அடிவரை அப்பினார். யார் மேல் பிராது என்று அங்கே ஒருவரையும் ஒருவரும் கேட்பதில்லை.

“சீட்டுல தோத்த பணத்துக்கு மொளகா அரைக்கலாமுங்ளா?” என்று மாப்பிள்ளையை நான் கேட்க, அவர் வாயைத் திறப்பதற்குள் தங்கை, “அரைக்கலாமுங்ணா. ஆனா யார் பேரைச் சொல்லி அரைக்கிறது? போனவரு இவருதானே!” என்றாள். மாப்பிள்ளை கர்ப்பக்கிருகத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றுவிட்டார்.

அன்று இரவுதான் புத்தகத்தின் பின்பக்கங்களை எனக்குக் காட்டினார். அவை போக்கர் பக்கங்கள். கோயம்புத்தூரில் பீளமேட்டுப் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில், கணிப்பொறி வேலை பார்க்கிற பிள்ளைகள் சிலர் சனிக்கிழமை இரவுகளில் கூடி ஆடுகிறார்கள், மகனுடைய சிநேகிதர்கள், மாமா நன்றாகச் சீட்டாடுவார் என்று அழைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் பெயரால் வழங்கும் ஆட்டம் அது. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக, மூன்று, ஒன்று, ஒன்று என்று திறந்து வைப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பணம் ஏறும். ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்தவருக்கு வெற்றி, அல்லது மற்றவர்கள் எல்லோரும் கவிழ்த்துவிட்ட பின் மிஞ்சியவருக்கு வெற்றி. முதல் இரவு 4,500 ரூபாய் வரவு. அந்த எண்ணுக்குக் கீழே இரட்டைக் கோடு. அதற்கு அடுத்தடுத்த வரிகளெல்லாம் பற்று: 2,000, 2,000, 3,800, நடுவே 700 வரவு, பிறகு 4,000, 5,200. மொத்தத்தில் 11,800 ரூபாய் நஷ்டம் என்று கூட்டி, அதற்குக் கோடு போடாமலே விட்டிருந்தார்.

ஏன் தோற்றார் என்பதை அவர் வாயிலாகவே கேட்டுத் தெரிந்துகொண்டேன். நல்ல சீட்டு வரும்வரை பொறுமையாகக் கவிழ்த்துக் கவிழ்த்து உட்கார்ந்திருப்பாராம். ரம்மியில் கற்ற பொறுமை அது. ஆனால் இரண்டு சீட்டில் 1,326 ஜோடிகள் உண்டு. ஜோடி ஏஸ் அதில் ஆறே ஆறு. ஆக 221 கைக்கு ஒரு முறை. ஒரு மணி நேரத்துக்கு இருபத்தைந்து கை நடந்தால் அந்த ஒரு முறைக்கு ஒன்பது மணி நேரம் காத்திருக்க வேண்டும். அத்தனை நேரமும் குருட்டுப் பணம் என்று முறை வைத்துக் கட்டுகிற தொகை கரைந்துகொண்டே இருக்கும். கடைசியில் ஏஸ் ஜோடி வரும். மாட்டுச் சந்தையில் பழகிய முகத்தை வைத்துக்கொண்டு, கண்ணிமைகூட அசையாமல், பெரிய தொகையை நடுவில் தள்ளுவார். பிள்ளைகள் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே கவிழ்த்துவிடுவார்கள். “மாமாவுக்குச் சீட்டு வந்துருச்சு” என்று ஒருவன் சொல்வானாம். “மூஞ்சியில ஒண்ணும் காட்டலீங்க மச்சான். எப்படித்தான் கண்டுபிடிக்கிறானுகளோ!” என்று அவர் இன்றும் ஆச்சரியப்படுகிறார்.

அவர்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை என்பதுதான் என் அனுமானம். சந்தையில் விலை துண்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. மாடு வெட்டவெளியில் நிற்கிறது. ஆகையால் முகத்தை அடக்கத் தெரிந்தவன் காரியத்தைச் சாதித்துக்கொள்கிறான். பீளமேட்டு மேசையிலோ மாடு ஒளிந்திருக்கிறது, விலை வெட்டவெளியில் கிடக்கிறது. யார், எந்தச் சமயத்தில், எவ்வளவு வைத்தார் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற ஆட்டத்தில், சீட்டு உள்ளபோது மட்டும் பணம் வைக்கிற மனிதர் ஒவ்வொரு முறையும் தம் சீட்டைத் திருப்பிக் காட்டியவராகிறார். சாமர்த்தியம் உண்டா இல்லையா என்று நீதிமன்றங்கள் ஆட்டத்தைப் பார்த்துக் கேட்கின்றன. மோட்டார் அறையில் மூன்று வருஷமாகப் பங்குக்கு மேல் ஜெயித்து வருகிறவரும், பீளமேட்டில் பதினோராயிரத்து எண்ணூறு கொடுத்துவிட்டு வந்தவரும் ஒரே மனிதர். அவர் கை அதே கை. எதிரே உட்கார்ந்தவர்கள் மாறினார்கள், அவ்வளவுதான். சாமர்த்தியம் என்பது ஆட்டத்திலும் இல்லை, ஆடுகிறவனிடத்திலும் முழுவதும் இல்லை. மேசையைச் சுற்றியிருக்கிற நாற்காலிகளின் ஏற்பாட்டில் அதில் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

சனிக்கிழமை வேட்டைக்காரன்புதூர் வழியாகச் சேத்துமடைப் பக்கம் போனோம். சோதனைச் சாவடியைத் தாண்டினால் காடு. அதற்கு இப்பால், பழக்கமான ஒருவருடைய நில வரப்பில் ஒரு தான்றி மரம் நிற்பதாகச் சொல்லி மாப்பிள்ளை என்னை அழைத்துப் போனார். திரிபலை சூரணத்துக்குக் காய் பொறுக்க அவர் வருஷந்தோறும் வருகிற இடம். நெடிய மரம், கிளை நுனிகளில் இலைகள் கொத்துக் கொத்தாகக் கூடியிருந்தன, அடியில் காய்கள் உதிர்ந்து கிடந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மேலே சாம்பல் கலந்த பழுப்பு. மான்தோலைத் தடவுவது போன்ற மெல்லிய ரோமம். காய்ந்த சதைக்கு உள்ளே கல்லைப் போலக் கெட்டியான ஒரே கொட்டை. வேத காலத்துச் சூதாடிகளின் பகடை இதுதான். ரிக் வேதத்தின் பத்தாவது மண்டலத்தில் பெண்டாட்டியையும் வீட்டையும் இழந்து புலம்புகிற சூதாடியைப் படுத்திய காயும் இதுவே. குவித்த கொட்டைகளிலிருந்து கை நிறைய அள்ளி, நான்கு நான்காகக் கழித்துக்கொண்டே வருவார்கள். மிச்சமின்றிக் கழிந்தால் கிருதம், மூன்று மிஞ்சினால் திரேதம், இரண்டு துவாபரம், ஒன்று மிஞ்சினால் கலி. யுகங்களின் பெயர்களே சூதாட்ட மேசையின் பெயர்கள் என்பதை நினைத்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

நளனுக்கு ஞானம் பிறந்ததும் இந்த மரத்தடியில்தான். தேரோட்டியாய் வேஷம் மாறிப் போகிற நளனிடம், ருதுபர்ணன் என்ற அரசன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதன் இரண்டு கிளைகளில் 2,095 காய்கள் உண்டென்று சொல்கிறான். நளன் நம்பாமல் தேரை நிறுத்தி எண்ணிப் பார்த்து, சரியாயிருக்கக் கண்டு, தன் குதிரை வித்தையைக் கொடுத்து அந்த எண் வித்தையையும் காய்களின் இரகசியத்தையும் வாங்கிக்கொள்கிறான். அப்போதே கலி அவனை விட்டு நீங்கித் தான்றி மரத்துக்குள் புகுகிறது. மகாபாரதத்தின் இந்தக் கட்டத்தை வியாசர் எவ்வளவு நுட்பமாகச் சொன்னாரோ அவ்வளவு அவசரமாகப் பின்கதையை முடித்துவிட்டார் என்பது என் குறை. இரகசியம் கற்ற நளன், முன்பு தன்னைச் சூதில் வென்ற புட்கரனிடம் திரும்பிச் சென்று ஒரே ஆட்டத்தில் எல்லாவற்றையும் வைத்து ஜெயிக்கிறான். வித்தை தெரிந்தவன் ஒரே ஆட்டத்தில் சர்வத்தையும் வைப்பானா? நூறு ஆட்டம் ஆடுவோம் வா என்றல்லவா கூப்பிடுவான்! இதை மாப்பிள்ளையிடம் சொன்னபோது அவர் மடியில் காய்களைக் கட்டிக்கொண்டே, “நூறு ஆட்டம் ஆடுனா புட்கரன் பாதியில எந்திரிச்சுப் போயிருப்பானுங்க” என்றார். அனுபவஸ்தர் சொல்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் மோட்டார் அறைக்கு ஸ்கூட்டரில் கூட்டிப் போனார். பார்வையாளனாக இருப்பதென்று முன்னமேயே நிபந்தனை. தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய சின்ன அறை; தரையில் கோரைப்பாய்; சுவரில் மோட்டாரின் சுவிட்சுப் பெட்டி; மூலையில் உரச் சாக்குகள். இரண்டு கட்டைச் சேர்த்துக் கலைத்துப் பதின்மூன்று பதின்மூன்றாகப் போட்டார்கள். முதல் ஆட்டத்தின் நடுவில் ஒரு கையை மட்டும் சொல்கிறேன். எதிரே இருந்தவர் கீழே விழுந்த ஆர்ட்டீன் ஏழை எடுத்தார். மாப்பிள்ளையிடம் ஆர்ட்டீன் எட்டு உதிரியாக இருந்தது, வேறெதற்கும் பயன்படாது, மாட்டினால் எட்டுப் புள்ளி. அவர் அதைப் போடவில்லை. தாம் பாதி சேர்த்து வைத்திருந்த ஸ்பேடு வரிசையைக் கலைத்து அதிலிருந்து ஒன்றைப் போட்டார். அடுத்த சுற்றிலும் அப்படியே. நான்கு சுற்றுக்குப் பிறகு வேறொருவர் டிக் அடித்துச் சீட்டை விரித்தபோது, எதிரே இருந்தவர் கையில் ஆர்ட்டீன் ஆறும் ஏழும் ஒன்பதும் எட்டுக்காகவே காத்துக் கிடந்ததைப் பார்த்தேன். மாப்பிள்ளைக்கு அந்தக் கையில் நஷ்டந்தான். ஆனால் எதிரியை ஜெயிக்கவிடாமல் தாமும் குறைந்த புள்ளியில் தோற்றிருந்தார். அதற்கடுத்த கையில் ஜோக்கரும் இல்லாமல் ஜோடியும் இல்லாமல் சீட்டு வர, ஒரு நொடி பார்த்துவிட்டு “ஸ்கூட்டு” என்று கவிழ்த்தார். முதலிலேயே கவிழ்த்தால் இருபது, நடுவில் கவிழ்த்தால் நாற்பது, கடைசிவரை இருந்து மாட்டினால் எண்பது. அந்த இருபதை மனமுவந்து கொடுக்கத் தெரிந்தவர்கள் அந்த அறுவரில் இருவரே என்பதை இரண்டாம் ஆட்டத்துக்குள் கண்டுகொண்டேன். மற்ற நால்வரும் நல்ல சீட்டு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் எண்பதைச் சுமந்தார்கள். அவருடைய 43, 46, 47 எங்கிருந்து வந்தன என்பதற்கு அதற்கு மேல் எனக்கு அத்தாட்சி தேவைப்படவில்லை.

அன்றைக்கு ஐந்து ஆட்டத்தில் ஒன்று ஜெயித்தார். 1,000 வைத்து 1,140 வந்தது. வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுத்து 140 வரவு என்று எழுதிக்கொண்டிருக்கையில், தங்கை காப்பித் தம்ளரை வைத்துவிட்டு, “பெட்ரோல் காசு யாருங்க எழுதறது? வர்ற வழியில அண்ணனுக்கும் சேத்திப் புரோட்டா வாங்குனீங்களே, அது?” என்றாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். கணக்கு வாத்தியார் மகனால் மறுத்துச் சொல்ல முடியவில்லை. ஸ்கேலை எடுத்து வலது ஓரத்தில் புதிதாக ஒரு பத்தி கோடிட்டு, பெட்ரோல் 60, புரோட்டா 180 என்று எழுதிக் கழித்தார். 140 வரவு 100 பற்றாயிற்று. வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இனி வண்டியில போகலீங்க, நடந்தே போறேன்” என்றார்.

“நடங்க. சக்கரைக்கும் நல்லதுன்னு டாக்டரு சொன்னாருல்ல” என்று சொல்லிக்கொண்டே தம்ளரை எடுத்துப் போனாள் தங்கை.